மொட்டைப்பேய்க்கு வந்த பதிவுத் தபால்

03.12.2024, செவ்வாய்.
இன்று செய்த தவறு: படிவத்தின் ஒன்பதாம் கூட்டில் பேயின் பெயரையும் முகவரியையும் எழுதிவிட்டேன். கோடு போட்டு விட்டிருக்கலாம். ஆனால் 'எந்தக் கூட்டையும் வெறுமையாக விடக்கூடாது' என்று மேலே அச்சடித்திருந்தது. கோடு போட்டால் வெறுமையில் சேருமா சேராதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆறு இருபது பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதி முடித்த நிஷாந்தினி, 'கேட்டிருக்க வேண்டும்' என்பதன் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள். பஸ் குலுங்கியதில் கோடு கோணிப்போயிற்று. அதையும் தவறில் சேர்ப்பதா என்று யோசித்து விட்டுவிட்டாள்.

பதுளையில் செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நடக்கும் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா வகுப்பில் நாட்குறிப்பு கட்டாயம். 'இன்று செய்த தவறு', 'நாளைய வேலை' என்று இரண்டு தலைப்பு. மற்றவர்கள் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் முப்பது தவறுகளை உண்டாக்கி எழுதினார்கள். நிஷாந்தினிக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. அவளுக்கு நாளுக்கொரு தவறு, கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றது.

அவள் வேலை செய்வது அழகர்மலைத் தேயிலைத் தோட்டம் மேல்பிரிவின் பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. தொட்டில் பிள்ளைகளை இருதயம்மா பார்த்துக்கொள்வார். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பதினான்கு பேர் நிஷாந்தினியின் பொறுப்பு. அந்தப் பதினான்கில் ஒருத்திதான் ஷிரோமி. நாலு வயது.

கக்கூசு பிள்ளைக்காம்பராவுக்கு வெளியே, ஒரு சவுக்கு மரத்தைத் தாண்டி இருந்தது. சின்னக் காலால் நாற்பது எட்டு வைக்க வேண்டும். அந்த மரத்தடியில் மொட்டைப்பேய் இருக்கிறது என்று வரிசை வீடுகளான லயத்தில் யாரோ ஷிரோமிக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நிஷாந்தினி கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் போவாள். கை கிடைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிடும். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைச் சுற்றி வருவார்கள்.

இருபதாம் திகதியோடு நத்தார் விடுமுறை. பெரிய பிள்ளைகளுக்கு அதன்பிறகு பிள்ளைக்காம்பரா இல்லை. ஷிரோமியின் அம்மா காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவாள். லயத்திலிருந்தும் அதே மரத்தைத் தாண்டித்தான் அதே கக்கூசு. இருபதாம் திகதிக்குள் அந்தப் பிள்ளை தனியாக நாற்பது எட்டு நடக்க வேண்டும். நிஷாந்தினியின் கணக்கு அவ்வளவுதான்.

"பேய்னு ஒண்ணு இல்லவே இல்லை, ஷிரோமி."

"இல்லைன்னா ஏன் டீச்சர் அதுக்குப் பேரு இருக்கு?"

இந்தக் கேள்வியை நிஷாந்தினி அன்றைய நாட்குறிப்பில் எழுதி, பதிலுக்கு நான்கு வரி இடம் விட்டிருந்தாள். அந்த நான்கு வரியும் இன்னும் அப்படியே கிடந்தன.

பதில் தெரியாததால் அவள் புத்தகம் செய்தாள். 'மொட்டைப்பேயின் விடுமுறை', பதினாறு பக்கம், படம் அவளே போட்டது. இரண்டாம் பக்கத்தில், மொட்டைப்பேய் எதுக்குச் சீப்பு வாங்குச்சு, முதுகு சொறிய. ஐந்தாம் பக்கத்தில், மொட்டைப்பேயை ஏன் அட்டை கடிக்கல, அதுக்குத்தான் காலே இல்லையே. எட்டாம் பக்கத்தில், மழை பெஞ்சா மொட்டைப்பேய் என்ன செய்யும், ஒழுகுற எடத்துல சட்டி வைக்கும். பதினோராம் பக்கத்துக்காகத்தான் மற்றப் பதினைந்தும். மொட்டைப்பேய் ஏன் நெளியுது, கக்கூசுக்கு அவசரம். ஏன் போகல, தனியாப் போகப் பயம்.

பதினைந்து பிரதி எடுத்துப் பின் அடித்தாள். அதை அப்படியே கொடுத்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் வகுப்பில் அவள் ஒருத்திதான் சுற்றறிக்கைகளை வாசிப்பவள். மூன்று பிரதிக்கு மேல் எடுத்த எந்த வாசிப்புப் பொருளுக்கும், அதை ஐந்து வயதுக்கு உட்பட்டோரிடம் கொடுக்குமுன், விடுமுறைக்கால இளஞ்சிறார் வாசிப்பு நெறிப்படுத்தல் அலகின் அனுமதி வேண்டும். அதோடு ஆறாம் பிரிவு: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலத்தில் அதன் உள்ளடக்கத்தை வாசிக்கவோ, வாயால் சொல்லவோ, நடித்துக் காட்டவோ கூடாது. செவ்வாய்க்கிழமை அந்த விண்ணப்பப் படிவத்தைத்தான் நிரப்பிக் கொடுத்தாள்.

"கேக்காமக் குடுத்திருக்கணும்," என்றார் இருதயம்மா மறுநாள், ஒரு பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே. "கேட்டா அவங்க என்ன செய்வாங்க? கேட்டுட்டாளேன்னு யோசிக்க ஆரம்பிப்பாங்க."

"அப்ப நீங்க சொல்லுங்கக்கா. நீங்க விண்ணப்பம் போடலியே."

"நான் ஜோக்கு சொன்னா புள்ளைக அழுவுதுங்க, டீச்சர். எம் மொகம் அப்படி."

இருதயம்மாவின் முகம் அப்படியானதற்கு வேறொரு காரணமும் இருந்தது. வலது கண்ணில் புரை. ஒப்பரேஷனுக்கு நாள் குறித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்து, தோட்டத்து ஆபிஸ் பெட்டியில் பன்னிரண்டு நாள் கிடந்தது. கைக்குக் கிடைத்தபோது குறித்த நாள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. மறுபடியும் பதிந்துவிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுத்த கடிதத்துக்குக் காத்திருந்தார்.

வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னால் நிஷாந்தினி அலகு இருந்த மூன்றாம் மாடிக்கு மறுபடி ஏறினாள். லிப்ட் இருந்தது. லிப்டின் கதவில் 'பரிசீலனையில்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

அலகின் எழுதுவினைஞர் றிகாஸ், நாள் முழுக்க மற்றவர்களின் தாள்களைப் பார்த்துக் களைத்த மனிதர். அவளுடைய படிவத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். இரண்டு நாளில் அதற்குத் தூசி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

"உங்கட முகவரி போதாது, மிஸ்."

"எங்களுக்கு அதுதாங்க முகவரி. ஏழாம் நம்பர் லயம், மேல்பிரிவு, அழகர்மலைத் தோட்டம்."

"வீட்டு இலக்கம்?"

"லயத்துல வீட்டுக்கு இலக்கம் இல்லைங்க."

"வீதி?"

"வீதியும் இல்லைங்க. பாதைதான் இருக்கு."

"அப்ப உங்களுக்குக் கடிதம் எப்படி வாற?"

"தோட்டத்து ஆபிசுக்கு வரும். பெட்டியில போட்டு வைப்பாங்க. யாராவது அந்தப் பக்கம் போனா எடுத்துட்டு வருவாங்க." வகுப்பில் சேரச் சொல்லி வந்த கடிதம் வகுப்பு தொடங்கி ஒன்பது நாளைக்குப் பிறகுதான் அவள் கையில் கிடைத்தது என்பதையும் சொல்ல நினைத்தாள். அது இந்தப் படிவத்துக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டாள்.

றிகாஸ் தாளைத் திருப்பினார். "பேயுடையது சரி."

"என்னங்க?"

"ஒன்பதாம் கூடு. சித்திரிக்கப்படும் நபர், மொட்டைப்பேய். இலக்கம் 1, சவுக்குமர வீதி, மேல்பிரிவு, அழகர்மலை. இலக்கம் இருக்கு, வீதி இருக்கு. கம்பியூட்டர் உடனே எடுத்துக்கிட்டுது."

"அது நானா போட்ட இலக்கம்ங்க. புத்தகத்துல பேய் வீட்டுக் கதவுல ஒண்ணுன்னு வரைஞ்சிருக்கேன். பிள்ளைங்க எண் படிக்கட்டும்னு. வீதியும் அப்படித்தான்."

"அதெல்லாம் கம்பியூட்டருக்குத் தெரியாது, மிஸ். இந்த விண்ணப்பத்தில சரியான முகவரி உள்ள ஆள் அவர் ஒருத்தர்தான். இனி இது சம்பந்தமா எழுதிற கடிதம் எல்லாம் அவருக்குத்தான் போகும்."

"வெட்டித் திருத்திரலாமா?"

றிகாஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "திருத்தினா முகவரியே இல்லாத விண்ணப்பம். அப்படி ஒண்ட நான் பாரம் எடுத்தது என்ட பிழை. இன்னும் நாலு வருசத்தில பென்சன், மிஸ், எனக்கு. அவரை விடுங்க. இருந்துட்டுப் போகட்டும்."

05.12.2024. இன்று செய்த தவறு: பேய்க்கு இலக்கம் கொடுத்தது. (இரண்டாம் தடவை எழுதுகிறேன். முதல் தடவை எவ்வளவு பெரிய தவறு என்று தெரியவில்லை.)

பத்தாம் திகதி அலகின் பரிசீலனைக் குழு நிஷாந்தினியை முன்னால் வைத்துக் கூடியது. நீள மேசை, ஐந்து பேர், ஐந்து தண்ணீர்ப் போத்தல். தலைமையில் பணிப்பாளர் யேசுரத்தினம் ஐயா. வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. எதையும் ஆரம்பிக்குமுன் அதைப் பற்றிச் சிறிது பேசுவது அவருடைய வழக்கம்.

"மகள், இந்த அலகு சிரிப்புக்கு எதிரானது என்று வெளியில் ஒரு கதை உலவுகிறது. அது அபாண்டம். பதினொரு வருடத்தில் நாங்கள் ஒரு சிரிப்புப் புத்தகத்தைக்கூட நிராகரித்தது கிடையாது. எல்லாம் பரிசீலனையில்தான் இருக்கின்றன."

மற்ற நால்வரும் தலையசைத்தார்கள்.

"முதலாவதாக விண்ணப்பித்த ஆசிரியையின் பிள்ளைகள் இப்போது ஓ.எல். எழுதிவிட்டார்கள். அந்தப் புத்தகம் இல்லாமலே வளர்ந்தார்கள். ஒரு முறைப்பாடு வந்ததா? இல்லை. அதைத்தான் நாங்கள் சேவை என்கிறோம்."

"ஐயா, எங்க பிள்ளைங்களை ஒரு தடவை வந்து பார்த்தீங்கன்னா..."

"பார்க்க மாட்டோம்," என்றார் அவர் கனிவாக. "பிள்ளைகளைப் பார்த்தால் பக்கச்சார்பு வந்துவிடும். நான் இந்தக் கதிரைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வயதுக்கு உட்பட்ட எவரோடும் பேசியதில்லை. என் பேரப்பிள்ளையோடுகூட மகள் மூலமாகத்தான்."

பிறகு மதிப்பீடு தொடங்கியது. இந்த வகைப் புத்தகத்துக்குச் சிரிப்பு பத்துக்கு ஆறுக்குக் குறையக் கூடாது. அச்சம் ஒன்றுக்குக் குறையக் கூடாது, மூன்றுக்கு மேலும் போகக் கூடாது. குழுவின் செயலாளர் இறுதிச் சடங்கில் செய்தி வாசிப்பவரைப் போல இரண்டாம் பக்கத்தை வாசித்தார். "மொட்டைப்பேய் எதற்காகச் சீப்பு வாங்கியது. முதுகு சொறிவதற்காக."

யாரும் அசையவில்லை. 'சிரிப்பு: பூச்சியம்' என்று பதியப்பட்டது.

ஐந்தாம் பக்கத்தில், அட்டை கடிக்காத இடத்தில், கடைசிக் கதிரையில் இருந்த போஷாக்குப் பிரிவு தனலெட்சுமி மிஸ் 'களுக்' என்று சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் தோள் குலுங்கியது.

"மிஸ் எந்த இடம்?" என்று கேட்டார் பணிப்பாளர்.

"மடுல்சீமை, சேர். தோட்டம்தான். சின்ன வயசுல காலெல்லாம் அட்டை..." மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியென்றால் விடயத்தில் சொந்த அனுபவம் இருக்கிறது. பக்கச்சார்பு. தயவுசெய்து வெளியே இருங்கள்."

தனலெட்சுமி மிஸ் எழுந்து போகும்போது நிஷாந்தினியின் தோளை மெல்லத் தொட்டுவிட்டுப் போனார். அந்த அறையில் அவளுக்குக் கிடைத்த ஒரே புள்ளி அது. அது எந்தக் கூட்டிலும் பதியப்படவில்லை.

அச்சமும் பூச்சியம் என்று வந்தது. பூச்சியம் வந்தால் அது பேய்ப் புத்தகமே இல்லை, வேறு படிவம், வேறு மாடி. குறைந்தது ஒன்றாவது வருகிறதா பார்க்கத் திரைச்சீலையை மூடிவிட்டு வாசிக்கலாம் என்று ஓர் உறுப்பினர் பிரேரித்தார். மற்றொருவர் ஆமோதித்தார். மூடினார்கள். செயலாளர் எட்டாம் பக்கத்தைத் தொடங்கினார். "மழை பெய்தால் மொட்டைப்பேய் என்ன செய்யும்..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அதே நேரம் தேத்தண்ணீர்த் தட்டோடு அலுவலக உதவியாளர் கதவைத் திறந்தார். கதவு நீளமாக ஒரு சத்தம் போட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது, யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள். கரண்ட் வந்தபோது பணிப்பாளர் மேசையின் மறுபக்கத்தில், நிஷாந்தினியின் கதிரைக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்படிப் போனார் என்பது கூட்டக் குறிப்பில் இல்லை. 'அச்சம்: எட்டு' என்று மட்டும் இருக்கிறது.

"எட்டு," என்றார் அவர், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி. "வளர்ந்தவர்களுக்கே எட்டு என்றால் பிஞ்சுகளுக்கு என்ன ஆகும்? நல்ல வேளை, பிள்ளைகளிடம் போகுமுன் நாங்கள் பயந்துவிட்டோம். எங்களை அரசாங்கம் வைத்திருப்பதே அதற்காகத்தான்."

திருத்தங்கள் தீர்மானமாயின. சீப்பு பெரியவர்களின் உடைமை, நீக்குக. அட்டை அருவருப்பு, நீக்குக. கூரை ஒழுகுவது வீடமைப்பைக் குறைகூறுவது, நீக்குக. கக்கூசு பற்றி யாரும் பேசவில்லை. செயலாளர் அந்தப் பக்கத்தைப் பெருவிரலால் தள்ளினார். பேய் என்ற சொல்லும் வேண்டாம், அந்த உருவத்தை ஒரு மேகமாக மாற்றலாம், பொறுப்புள்ள மேகமாக.

"ஆனால்," என்று பணிப்பாளர் விரலைத் தூக்கினார், "ஒருவருடைய தோற்றத்தை மாற்றுவதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். ஒன்பதாம் கூட்டில் உள்ள நபருக்கு எழுதுங்கள். பதிவுத் தபாலில்."

நிஷாந்தினி எழுந்து நின்றாள். "ஐயா, மன்னிக்கணும். அப்படி ஒருத்தர் இல்லைங்க. அது பேய்ங்க. நான்தான் உண்டாக்கினேன்."

பணிப்பாளர் படிவத்தின் கடைசிப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். 'மேலே தந்த விபரங்கள் யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்.' கீழே அவளுடைய கையெழுத்து, வடிவாக, தேதியோடு.

"யோசித்துச் சொல்லுங்கள், மகள். அந்த நபர் இல்லையென்றால் இது பொய்ப் பிரகடனம். உங்கள் நிலையம் மூன்று வருடத்துக்கு எந்தப் புத்தகமும் கேட்க முடியாது. இருக்கிறாரென்றால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். இருக்கிறாரா, இல்லையா?"

ஷிரோமிக்கு நூறு தடவை சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது. நிஷாந்தினி அதை விழுங்கினாள்.

"இருக்காருங்க," என்றாள்.

இறங்கும்போது படிகளை எண்ணினாள். அறுபத்தாறு. எண்ணுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் எண்ணிக்கை தப்பவில்லை என்பதே அன்றைக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்னுவாங்க," என்றார் இருதயம்மா கேட்டுவிட்டு. "நீங்க மூணாம் மாடி ஏறுறீங்க. உக்காருங்க, சாயத்தண்ணி குடிங்க."

பன்னிரண்டாம் திகதி வியாழன், காலை பத்தரைக்கு மழை. தபால்காரர் இன்பாஸ் மழைக்கோட்டோடு பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். அந்தப் படியில் தபால்காரர் ஒருவர் நின்று யாரும் பார்த்ததில்லை. கடிதமெல்லாம் கீழே ஆபிஸ் பெட்டியோடு சரி.

"சவுக்குமர வீதி எதுங்க?" என்று கேட்டார், மூச்சு வாங்க.

நிஷாந்தினிக்கு ஆறாம் பிரிவு நினைவில் இருந்தது. பிள்ளைகளின் முன்னால் உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. அவள் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

"ஆபிசுலயே குடுத்திருக்கலாமே, தம்பி," என்றார் இருதயம்மா.

"தோட்டம்னு மட்டும் போட்டிருந்தா அங்கதாங்கக்கா போட்டிருப்பேன். இதுல இலக்கம் இருக்கே. இலக்கம் இருந்தா வாசலுக்கே கொண்டுபோய்க் குடுக்கணும், கையெழுத்து வாங்கணும். மூணு தடவை வரணும். எனக்கு மட்டும் ஆசையா, இந்த மழையில?"

அவர் சவுக்கு மரத்தடிக்குப் போனார். மரத்தை மேலும் கீழும் பார்த்தார். சுற்றி வந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பதிவுத் தபாலுக்கு உரிய மரியாதையோடு கூப்பிட்டார்.

"மிஸ்டர் மொட்டைப்பேய். மொட்டைப்பேய் அவர்களே. தபால்."

பதின்மூன்று பிள்ளைகள் கதவடியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொட்டிலில் இருந்தவை சிரிப்புச் சத்தத்துக்குச் சிரித்தன. ஷிரோமி மட்டும் சிரிக்கவில்லை. நிஷாந்தினியின் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்தாள்.

"பேய்க்கு காயிதமா, டீச்சர்?"

நிஷாந்தினி ஆறாம் பிரிவை நினைத்துப் பேசாமல் இருந்தாள்.

"அதுக்கு வாசிக்கத் தெரியுமா?"

நிஷாந்தினி பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"தெரியாது போல," என்றாள் ஷிரோமி, தானாகவே. "அதான் வெளிய வரல. வெக்கம்."

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார் இன்பாஸ். முழங்கால் வரை சேறு, கணுக்காலில் அட்டை. மரத்தடியில் நின்று ஒரு கையால் அட்டையைப் பிய்த்துக்கொண்டே பெயரைக் கூப்பிட்டார். பிள்ளைகள் இப்போது அவரோடு சேர்ந்து கூப்பிட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தபால்காரண்ணனுக்குப் பயந்து பேய் மரத்தில் ஏறிவிட்டது என்றான் ஒருவன். இல்லை, தலை வாரிக்கொண்டிருக்கிறது என்றாள் ஒருத்தி. மொட்டைக்கு எதுக்குடி தலை வாரணும் என்றான் முதலாமவன். அதற்கொரு சிரிப்பு. நிஷாந்தினி ஒரு மூலையில் நின்று, இதில் ஏதாவது விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தில் சேருகிறதா என்று பயத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். சீப்பு கிட்டத்தட்டச் சேர்ந்தது. அதை நாட்குறிப்பில் எழுதினாள்.

அன்று ஷிரோமி கதவு வரை தனியாக வந்தாள்.

பதினாறாம் திகதி திங்கள், மூன்றாம் தடவை. இன்பாஸ் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். "இதான் கடைசி," என்று சத்தமாகச் சொன்னார், பேய்க்கா பிள்ளைக்காம்பராவுக்கா என்று தெரியாதபடி. "திருப்பி அனுப்புறதுன்னா காரணம் போடணும். ஆள் இல்லை, வீடு மாறிட்டாரு, வாங்க மறுத்துட்டாரு. இதுல எதைப் போட? டீச்சர், நீங்க சொல்லுங்க."

இல்லை என்று எழுதினால் பொய்ப் பிரகடனம். மறுத்தார் என்றால் அடுத்த விசாரணை. வீடு மாறிவிட்டார் என்றால் புதிய முகவரி. நிஷாந்தினி மூன்றையும் யோசித்து, மூன்றிலும் தவறு இருப்பதைக் கண்டு, அப்படியே நின்றாள்.

அவள் பக்கத்தில் சேலை இழுபடவில்லை. குனிந்து பார்த்தாள். ஷிரோமி படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஏழு, எட்டு, ஒன்பது. நிஷாந்தினி தன்னையறியாமல் எண்ணினாள். இருபதாவது எட்டில் பிள்ளை மரத்தடிக்குப் போய்விட்டாள். இன்பாஸின் முன்னால் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது இல்ல, அண்ணே."

"எங்க போச்சு?"

"கக்கூசுக்குப் போயிருக்கு. தனியாப் போக அதுக்குப் பயம். இருங்க, நான் போய்ப் பார்த்துட்டு வாறேன்."

சொல்லிவிட்டு மரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு. நாற்பதில் தகரக் கதவு திறந்து மூடியது. பதினோராம் பக்கத்தை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. அலகுக்குக் கொடுத்தது போக மற்றப் பதினான்கு பிரதியும் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன.

இருதயம்மா ஒரு கண்ணால் நிஷாந்தினியைப் பார்த்தார்.

ஷிரோமி வெளியே வந்தபோது பாவாடை காய்ந்திருந்தது, கால் மட்டும் ஈரம். "அதுக்கு வயித்து வலி. என்னைய சைன் வைக்கச் சொல்லுச்சு," என்றாள். இன்பாஸ் மழையைப் பார்த்தார், திரும்பிப் போக வேண்டிய பாதையைப் பார்த்தார், பேனாவை நீட்டினார். கையெழுத்துக் கூட்டில் ஷிரோமி பெரிய வட்டம் ஒன்று போட்டு, உள்ளே இரண்டு கண் வைத்தாள்.

"வீட்டில் இருந்தவர் பெற்றுக்கொண்டார்," என்று இன்பாஸ் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

வட்டம் போட்ட தாள் பதுளைக்குப் போய் அங்கே அது சம்மதமாகக் கொள்ளப்பட்டது. பத்தொன்பதாம் திகதி நிஷாந்தினியை அழைத்து, பணிப்பாளர் அனுமதியை இரு கையாலும் வழங்கினார். யாரோ படமும் எடுத்தார்கள். 'பொறுப்புள்ள மேகத்தின் பயனுள்ள விடுமுறை.' நான்கு பக்கம். மேகம் காலையில் எழும்புகிறது, பல் துலக்குகிறது, பெரியோருக்கு வணக்கம் சொல்கிறது, கலைகிறது.

"பாருங்கள்," என்றார் யேசுரத்தினம் ஐயா, கண் பனிக்க. "முதலாவது அனுமதி. பதினொரு வருட உழைப்பு. ஒத்துழைத்த அந்த நபருக்கும் என் பாராட்டைச் சொல்லுங்கள். எவ்வளவு பேர் கடிதத்துக்குப் பதிலே போடுவதில்லை தெரியுமா?"

வெளியே வரும்போது றிகாஸ் கூப்பிட்டார். "மிஸ், மொட்டைப்பேய்க்கான பாராட்டுக் கடிதத்தை இண்டைக்கே போட்டாச்சு. உங்கட பிரதிக்கு முகவரி இல்ல, அதால அனுப்பேல்ல."

இருபதாம் திகதி, கடைசி நாள், பிள்ளைகளுக்கு மேகத்தை வாசித்துக் காட்டினாள் நிஷாந்தினி. பல் துலக்குகிற இடத்திலேயே பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். ஷிரோமி மட்டும் எழுந்து, "மழை பேயும் முன்ன போயிட்டு வாறேன், டீச்சர்," என்று சொல்லிவிட்டுத் தனியாக நாற்பது எட்டு போய், நாற்பது எட்டு வந்தாள். திரும்பும் வழியில் மரத்தை ஒரு தட்டுத் தட்டி என்னவோ சொல்லிவிட்டு வந்தாள்.

பின்னேரம் பிள்ளைகள் போனபிறகு இருதயம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"டீச்சர், அந்த மூதேவிக்கு காயிதம் பதுளையில இருந்து ரெண்டு நாள்ல வாசலுக்கு வந்துருச்சில்ல?"

"ஆமாங்கக்கா."

"எங்காயிதம் பெட்டியில பன்னெண்டு நாள் கெடந்துச்சு. நான் மனுசி. பேரு குடுத்துருக்கேன், முப்பத்தோரு வருசம் கொழுந்தெடுத்துருக்கேன். அது என்னா செஞ்சுச்சு?" பாயைச் சுவரோடு சாய்த்தார். "கண்ணாஸ்பத்திரில முகவரி கேட்டா, மொட்டைப்பேய் வீட்டு நம்பரைக் குடுத்துரட்டா? மேற்பார்வைன்னு மே/பா போட்டு எழுதித் தாங்க. அது கோவிக்காது."

நிஷாந்தினி படிவங்களையும், சுற்றறிக்கையையும், ஆறாம் பிரிவையும், அறுபத்தாறு படியையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். 'இருதயம்மா, மே/பா மொட்டைப்பேய், இலக்கம் 1, சவுக்குமர வீதி.' எழுத்து வடிவாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் இன்னும் ஆறு பேர் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைய நாட்குறிப்பு பிள்ளைக்காம்பராவின் சின்னக் கதிரையில் உட்கார்ந்து எழுதியது.

20.12.2024, வெள்ளி.
இன்று செய்த தவறு: ஏழு பேருக்குப் பேயின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். இதற்கு அனுமதி வேண்டுமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் போவதில்லை.
நாளைய வேலை: பழைய பிஸ்கட் டின் ஒன்று, ஆணி நான்கு. சவுக்கு மரத்தில் தபால் பெட்டி அடிக்க வேண்டும். ஷிரோமிக்கு எட்டுகிற உயரத்தில். கடிதம் பார்ப்பது அவள் பொறுப்பு; எப்படியும் அவள் போகிற வழி.